நியூட்ரல் கட் ஆன தெருவிலிருந்து 14 போர்டு: எம்ஓவி மாற்றும்போது என்ன பார்க்கணும்?

சால்டரிங்ராடு:

எல்லாருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்ல 12 வருஷமா போர்டு சர்வீஸ் பண்றேன்.

போன வாரம் மழைக்காத்துல எங்க பக்கத்துத் தெருக் கம்பத்துல நியூட்ரல் கம்பி விட்டுப்போச்சு. அரை மணி நேரம் கழிச்சுதான் லைன் ஆஃப் பண்ணியிருக்காங்க. சில வீட்ல ஃபேன் சுத்தவே இல்ல. சில வீட்ல பல்பு பளீர்னு எரிஞ்சு படார்னு போயிருக்கு. ரெண்டே நாள்ல என் டேபிளுக்கு 14 போர்டு வந்துச்சு. டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், எல்லாம் கலந்து.

அதுல 9 போர்டுல எம்ஓவி (லைனுக்குக் குறுக்கே இருந்து, வோல்டேஜ் எகிறினா தானே வாங்கிக்கிற நீல வில்லை) வெடிச்சு ஃபியூஸ் போயிருந்துச்சு. எம்ஓவியும் ஃபியூஸும் மாத்தினதும் 7 போர்டு உயிர் பெத்துருச்சு. மீதி 5 போர்டுல எம்ஓவியே இல்ல. ரெண்டுல கம்பெனியே இடத்தை காலியா விட்டிருக்கு. மூணுல யாரோ முன்னாடி வெட்டி எடுத்திருக்காங்க. அந்த அஞ்சும் மொத்தமா காலி. கெபாசிட்டர் உப்பி, மாஸ்ஃபெட், ஐசி எல்லாம் ஷார்ட்.

வெட்டின மூணுல ஒண்ணு நான் வெட்டினது. ஃபிரிட்ஜ் போர்டு. பின்னாடி நான் போட்ட மார்க்கர் தேதி இருக்கு, ரெண்டு வருஷம் முந்தி. அன்னைக்கு கையில எம்ஓவி ஸ்டாக் இல்ல. "இது இல்லாமலும் ஓடும்மா"ன்னு சொல்லிக் குடுத்துட்டேன். பத்து ரூபா பார்ட். இப்ப அந்த அம்மாவுக்கு முழு போர்டு செலவு. ரெண்டு நாளா மனசு கேக்கல, அதான் இங்க எழுதுறேன்.

எனக்கு மூணு விஷயம் தெரியணும்.

ஒண்ணு, 471 (470 வோல்ட்) எம்ஓவி இருந்த இடத்துல 621 (620 வோல்ட்) போட்டா அடுத்த தடவை வெடிக்காதுன்னு கடைக்காரர் சொல்றார். போடலாமா?

ரெண்டு, வெடிக்காம முழுசா இருக்கற எம்ஓவி நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது? மீட்டர்ல வச்சா எல்லாமே ஓபன்தான் காட்டுது.

மூணு, அதே தெருவுல ஒரு வீட்ல சர்ஜ் ப்ரொடெக்டர்னு எழுதின எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உள்ளேயே எரிஞ்சு கரியாயிருச்சு. சுவர்ல புகை படிஞ்சிருக்கு. ஆனா எம்சிபி (அதிகக் கரண்ட் போனா விழற மெயின் போர்டு சுவிட்ச்) விழவே இல்ல. அது எப்படி?

---

லைன்டெஸ்டர்:

621 போடுங்க தல. நான் எல்லாத்துக்கும் அதான் போடறேன். திரும்பி வந்ததே இல்ல.

---

பிசிபிவரைவு:

லைன்டெஸ்டர், எம்ஓவி திரும்பி வராது. அதற்குப் பின்னால் இருப்பதுதான் திரும்பி வரும். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பவர் சப்ளை வடிவமைப்பதுதான் என் வேலை.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எள்ளுருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். எள் என்பது துத்தநாக ஆக்சைடு குருணை, நன்றாக மின்சாரம் கடத்தும். எள்ளைச் சுற்றிய பாகு என்பது பிஸ்மத், கோபால்ட், மாங்கனீசு ஆக்சைடுகள் சேர்ந்த மெல்லிய எல்லை. ஒரு குருணையிலிருந்து அடுத்த குருணைக்குப் போகும் ஒவ்வோர் எல்லையும் ஏறக்குறைய 3 வோல்ட் வரை மின்சாரத்தை மறிக்கும், அதற்கு மேல் போனால் திறந்துவிடும். 470 வோல்ட் வில்லையில் இப்படிச் சுமார் 150 எல்லைகள் வரிசையாக நிற்கின்றன. வில்லை தடிமனானால் வோல்டேஜ் கூடும், அகலமானால் தாங்கும் கரண்ட் கூடும். 1960-களின் கடைசியில் ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மட்சுவோகா என்பவர் கண்டுபிடித்தது. அடிப்படை இன்றுவரை அதேதான்.

14டி471கே என்றால் 14 மி.மீ. விட்டம், 1 மில்லிஆம்பியர் ஓடும்போது 470 வோல்ட், கே என்றால் 10 சதவீதம் முன்பின். தொடர்ந்து தாங்குவது 300 வோல்ட் ஏசி.

சால்டரிங்ராடு, உங்கள் கதைக்கு முக்கியமான எண் டேட்டாஷீட்டில் ஒரு மூலையில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. 14 மி.மீ. வில்லையின் சராசரி பவர் வெறும் 0.6 வாட். 20 மி.மீ.க்கு 1 வாட். இடி அலையில் ஒரே ஒரு தடவை 4500 ஆம்பியரை மைக்ரோசெகண்டுகளில் விழுங்கும் அதே பொருள், தொடர்ந்து ஒரு வாட் கொடுத்தால் செத்துவிடும். அது கண்ணிமைக்கும் நேரத்து அடிக்காகச் செய்யப்பட்டது, அரை மணி நேரத்துக்கு அல்ல.

நியூட்ரல் விட்டால் இரண்டு ஃபேஸில் உள்ள வீடுகள் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே சீரிஸாகிவிடும். அயர்ன் பாக்ஸ், கீசர் ஓடும் பக்கத்தில் வோல்டேஜ் விழும். ஃபிரிட்ஜும் நாலு எல்இடியும் மட்டும் ஓடும் வீட்டில் ஏறும். 380 வந்தது என்று வையுங்கள், உச்சம் 537. 471 வில்லை அந்த உச்சத்தில் தோராயமாக 50 மில்லிஆம்பியர் இழுக்கும். அந்தக் கணத்தில் 27 வாட். இது நொடிக்கு 100 தடவை. சராசரி எடுத்தாலும் 0.6-ஐத் தாண்டிப் பல மடங்கு. சூடானால் லீக்கேஜ் (கசியும் கரண்ட்) கூடும், லீக்கேஜ் கூடினால் இன்னும் சூடாகும். சில நொடிகளில் ஓட்டை விழுந்து ஷார்ட் ஆகும், ஃபியூஸ் போகும். உங்கள் 9 போர்டுகளில் நடந்தது இதுதான். அந்தச் சில நொடிகள் 400 வோல்ட் கெபாசிட்டர் 537-ஐத் தாங்க வேண்டும். தாங்காதவைதான் மீதி இரண்டு போர்டுகள்.

இப்போது 621 போட்டால்? அது 537-இல் அசையாது. ஃபியூஸ் போகாது. கெபாசிட்டரும் மாஸ்ஃபெட்டும் அரை மணி நேரம் அடி வாங்கும். இடி அலையிலும் 20 மி.மீ. 471 ஏறக்குறைய 775 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும் இடத்தில் 621 ஏறக்குறைய 1025 வரை விட்டுவிடும். பின்னால் அதிக வோல்டேஜைத் தாங்கும்படி வடிவமைத்த போர்டு என்றால்தான் 621 சரி. சில தெருவிளக்கு எல்இடி டிரைவர்களை அப்படித்தான் செய்கிறார்கள். வீட்டு போர்டில் இருந்த எண்ணையே போடுங்கள்.

---

லைன்டெஸ்டர்:

இப்படி யாரும் சொல்லித் தரல. கடையில "பெரிய நம்பர் நல்லது"ன்னுதான் குடுப்பாங்க. சரி, இனிமே போடல.

---

உபமின்நிலையம்:

ஓய்வு பெற்றுவிட்டேன். 30 வருஷம் உபமின்நிலையத்தில் வேலை. உங்கள் போர்டில் இருக்கும் அந்த நீல வில்லையும், நாங்கள் எல்ஏ என்று சொல்லும் பெரிய லைட்னிங் அரெஸ்டரும் ஒரே ஜாதி. உள்ளே துத்தநாக ஆக்சைடு வில்லைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 11 கேவி பக்கம் தொங்குகிறதே, அதுவும் அதேதான், 9 கேவி மதிப்பு.

ஒரு வித்தியாசம் சொல்கிறேன். உபமின்நிலையத்தில் எல்ஏ அடியில் ஒரு சர்ஜ் கவுன்டரும் மில்லிஆம்பியர் மீட்டரும் இருக்கும். ஷிஃப்டில் போய் அந்த மீட்டரைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆர் ஃபேஸ் இவ்வளவு, ஒய் இவ்வளவு, பி இவ்வளவு. ஒன்று மட்டும் மாதாமாதம் ஏறினால் பெரியவரிடம் சொல்வோம். சந்தேகம் இருந்தால் மூன்றாம் ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸின் மூன்று மடங்கில் ஓடும் கரண்ட்) அளக்கும் கருவி கொண்டுவருவார்கள். மொத்த லீக்கேஜில் பெரும்பங்கு கெபாசிட்டன்ஸ் கரண்ட், அதற்குள் கெட்டுப்போகும் பங்கு ஒளிந்திருக்கும். அது வளரும்போது மூன்றாம் ஹார்மோனிக்தான் காட்டிக்கொடுக்கும். ராத்திரி தெர்மல் கேமராவிலும் பார்ப்போம். பக்கத்து ஃபேஸைவிட ஒன்று சூடாகத் தெரிந்தால் விடமாட்டோம்.

அதாவது எல்ஏ ஒரே நாளில் சாவதில்லை. வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே சாகிறது. வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை.

தம்பி, வெட்டிவிட்ட போர்டுக்காக நீ வருத்தப்படுவது நியாயம்தான். ஆனால் நியூட்ரலுக்கு எம்ஓவி மருந்தில்லை. மெயின் போர்டில் வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே ஒன்று போடச் சொல். 270 தாண்டினால் லைனைப் பிரித்துவிடும். இடிக்கு எம்ஓவி, நியூட்ரலுக்கு கட்-ஆஃப். இரண்டும் வேண்டும்.

---

கொங்குசோலார்:

ஐயா சொன்ன லாக் புத்தகம் மாதிரி எங்க சோலார் லைன்ல ஒரு ஜன்னல்தானுங்க இருக்கு. டிசி பாக்ஸ்ல வர்ற எஸ்பிடில (சர்ஜ் ப்ரொடெக்டர்) பச்சை, சிவப்புன்னு காட்டும். கஸ்டமர்ங்க பச்சை இருந்தா நல்லா இருக்குன்னு நினைச்சுக்குறாங்க. அப்படி இல்லீங்க. உள்ள ஈயத்துல பத்தவச்ச ஒரு ஸ்பிரிங் தகடு இருக்கும். வில்லை சூடாகி அந்த ஈயம் இளகினாத்தான் தகடு விலகி சிவப்பு வரும். பச்சைன்னா இன்னும் விலகலன்னு மட்டும்தான் அர்த்தம். 8 சதவீதம் கெட்டாலும் பச்சைதான், 20 சதவீதம் கெட்டாலும் பச்சைதான்.

இன்னொண்ணு. டிசி பக்கம் ஏசி எஸ்பிடி மாட்டிராதீங்க. நான் ஒரு சைட்ல பார்த்தேன், வேற ஆளு மாட்டினது. ஏசில நொடிக்கு 100 தடவை பூஜ்யம் வரும், ஆர்க் அணைஞ்சுரும். டிசில பூஜ்யமே இல்லீங்க. தகடு விலகினாலும் நடுவுல தீப்பொறி நின்னு எரிஞ்சுட்டே இருந்திருக்கு. பாக்ஸ் மூடி ஓட்டையாகிப் போச்சு. கீழே காஞ்ச தென்னை ஓலை கிடந்துச்சுங்க. நல்ல நேரம், வீட்ல ஆள் இருந்தாங்க.

---

பிசிபிவரைவு:

எரிந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வருகிறேன்.

எம்ஓவி கெடும்போது எப்போதும் நேரடி ஷார்ட்டாகக் கெடுவதில்லை. பாதி வழியில் ஒரு ரெசிஸ்டர் மாதிரி நிற்கும். 3 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, யாரோ அயர்ன் பாக்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கும். ஆனால் 300 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 900 வாட். அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வில்லையில், பிளாஸ்டிக் பெட்டிக்குள். அயர்ன் பாக்ஸை மூடிய டப்பாவில் வைத்த மாதிரி.

அமெரிக்காவில் இதே பிரச்சனை வந்தது, அதே காரணத்தால். அங்கே வீட்டுக்கு 120–0–120 என்று வரும். நடு நியூட்ரல் விட்டால் 120 வோல்ட் பெட்டிக்கு 240 வரை போகும். சர்ஜ் ப்ரொடெக்டர்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரமான யூஎல் 1449-இன் இரண்டாம் பதிப்பில், 1990-களின் பிற்பகுதியில், இதற்கென்றே சோதனை சேர்த்தார்கள். கூடுதல் வோல்டேஜ் கொடுத்து, கரண்ட்டை 0.5, 2.5, 5 ஆம்பியர் என்று வேண்டுமென்றே கட்டுப்படுத்தி, 7 மணி நேரம் வரை வைத்துப் பார்ப்பார்கள். தீப்பிடிக்கக் கூடாது, பாதுகாப்பாகப் பிரிந்துகொள்ள வேண்டும். ஃபியூஸ் போகாத கரண்ட்டில்தான் ஆபத்து என்று புரிந்துகொண்டு வைத்த சோதனை. பழைய பெட்டிகள் எவ்வளவு நாள் வீடுகளில் கிடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம்: 2013 அக்டோபரில் ஏபிசி (APC) நிறுவனத்தின் 7, 8 வரிசை சர்ஜ் ப்ரொடெக்டர்கள் சுமார் 1.5 கோடி திரும்பப் பெறப்பட்டன. எல்லாம் 2003-க்கு முன் செய்தவை. சூடாகி உருகியதாக 700 புகார்கள் வந்திருந்தன.

தீர்வு, வில்லையை ஒட்டி ஒரு தெர்மல் ஃபியூஸ். சீரிஸில் வர வேண்டும், வில்லையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இப்போது இரண்டும் ஒரே உறைக்குள் வரும் மூன்று கால் வகையும் கிடைக்கிறது. உங்கள் எரிந்த பெட்டியைத் திறந்து பாருங்கள். எம்ஓவி நேரே லைனில் இருக்கும், சிவப்பு ரீசெட் பட்டன் அதற்குப் பின்னால் சாக்கெட் பக்கம் மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

சால்டரிங்ராடு:

திறந்து பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான் சார். ஒயர் உள்ள வந்ததும் நேரா 10 மி.மீ. வில்லை மூணு, அதுக்கப்புறம்தான் ரீசெட் பட்டன். தெர்மல் ஃபியூஸ் இல்ல. வில்லை இருந்த இடத்துல கருப்புச் சாம்பலும் ரெண்டு கம்பியும்தான் மிச்சம்.

தெர்மல் ஃபியூஸ் வச்சு நானே ஒண்ணு பண்ணிப் பார்த்தேன். சால்டர் பண்ணதும் ஃபியூஸ் ஓபன். ரெண்டு தடவை.

---

பிசிபிவரைவு:

சால்டர் சூடு கம்பி வழியாக உள்ளே போய்விடுகிறது. கம்பியை நீளமாக விடுங்கள், உடலுக்கும் சால்டர் இடத்துக்கும் நடுவில் நோஸ் பிளையரால் கவ்விப் பிடித்துக்கொண்டு மூன்று நொடிக்குள் முடியுங்கள். கிரிம்ப் பண்ண முடிந்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் கன்டினியூட்டி பார்க்காமல் மூடாதீர்கள்.

---

மாடிவீட்டுக்காரர்:

நான் டெக்னீஷியன் இல்லை, படித்துக்கொண்டு மட்டும் வருகிறேன். ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் போன கோடையில் மதியம் ஒரு மணிக்கு மேல் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழும். காலையில் விழாது, ராத்திரி விழாது. எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபியை இரண்டு தடவை மாற்றினார். கடைசியில் மாடி அறையில் இருந்த பழைய ஸ்பைக் பாக்ஸைக் கழற்றியதும் நின்றுவிட்டது. மாடி ஓட்டுக்கூரை, மதியம் கொதிக்கும். இதற்கும் எம்ஓவிதான் காரணமா?

---

உபமின்நிலையம்:

பெரும்பாலும் அதுதான். அந்தப் பெட்டியில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு வில்லை இருந்திருக்கும். சேதமான வில்லை, சூட்டில் லீக்கேஜ் கூடும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, கசிவு முப்பதை எட்டும் முன்பே விழ ஆரம்பித்துவிடும். அந்தப் பெட்டியைத் திரும்ப மாட்டாதீர்கள். ஆர்சிசிபி உங்களை ஒரு தீயிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

நல்ல எஸ்பிடியில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வாயு நிரப்பிய குழல் வைப்பது இதற்காகத்தான். அடி வரும்வரை அது வழியாக லீக்கேஜ் போகாது. எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு வார்த்தை: வயரிங்கை 500 வோல்ட் மெக்கரில் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பார்க்கும்போது எஸ்பிடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் எம்ஓவி கடத்தி, நல்ல வயரையும் கெட்டது என்று காட்டும்.

---

பிசிபிவரைவு:

மெக்கர் பேச்சு வந்ததால் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. மல்டிமீட்டர் ஓம்ஸில் ஒன்றிரண்டு வோல்ட்தான் கொடுக்கும். 470 வோல்ட்டில் திறக்கும் கதவை 1 வோல்ட்டில் தட்டினால் மூடியேதான் இருக்கும்.

டிஸ்ப்ளேயில் வோல்டேஜ் காட்டும் டிஜிட்டல் மெக்கர் இருந்தால் 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து எம்ஓவியை மாட்டுங்கள். அது தரும் கரண்ட் 1 மில்லிஆம்பியர் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் வோல்டேஜ் ஏறிப்போய் வில்லை திறக்கும் இடத்தில் நிற்கும். ஒரு நொடி போதும். கம்பியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பாருங்கள். ஒரே திசையில் அடி வாங்கிய வில்லை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் கெட்டிருக்கும். 423-க்குக் கீழே காட்டினால் தூக்கிப் போடுங்கள். வில்லையை போர்டிலிருந்து கழற்றித்தான் பார்க்க வேண்டும், போர்டில் வைத்து மெக்கர் அடித்தால் மற்றதெல்லாம் போய்விடும். மல்டிமீட்டரைப் பேரலலில் வைத்துப் படிக்காதீர்கள், வில்லை ஓபனாக இருந்தால் முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போகும்.

---

சால்டரிங்ராடு:

பக்கத்து வயரிங் கான்ட்ராக்டர்கிட்ட மெக்கர் வாங்கி சாயங்காலம் பூரா உக்காந்து பார்த்தேன். பழைய ஸ்கிராப் போர்டுல இருந்து வெளியில எந்தக் கீறலும் இல்லாத 471 எட்டு எடுத்தேன். எட்டும் மல்டிமீட்டர்ல ஓபன்.

மெக்கர்ல அஞ்சு வில்லை 455-லேர்ந்து 480 வரைக்கும். ஒண்ணு 432. ஒண்ணு ஒரு பக்கம் 398, திருப்பிப் போட்டா 421. அப்படியே சார் சொன்னது கண்ணு முன்னாடி. கடைசி ஒண்ணு 290. அந்த 290 பார்க்க புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, எழுத்துகூட அழியல. 230 வோல்ட்டோட உச்சம் 325. அதாவது அந்த வில்லை தினமும் கடத்திக்கிட்டே இருந்திருக்கணும். அதோட போர்டை எடுத்து அந்த இடத்தை முகர்ந்து பார்த்தேன், லேசா கருகின வாடை. பச்சை மாஸ்க் பழுப்பா மாறியிருக்கு. இதுவரைக்கும் எத்தனை போர்டுல அந்தப் பழுப்பைப் பார்த்துட்டு "பழைய போர்டுதானே"ன்னு விட்டிருப்பேன்.

---

லைன்டெஸ்டர்:

அண்ணே நான் ஸ்கிராப் எம்ஓவிதான் எடுத்துப் போடுவேன், இவ்வளவு நாளா. இன்னைக்கே புது பாக்கெட் வாங்கறேன்.

---

பிசிபிவரைவு:

ஃபியூஸையும் கவனியுங்கள். வில்லை ஷார்ட் ஆகும்போது மெயின்ஸ் முழு கரண்ட்டும் ஃபியூஸ் வழியாகப் பாயும். சின்னக் கண்ணாடி ஃபியூஸ் பாதுகாப்பாக உடைக்கக்கூடியது 35 ஆம்பியர் அளவுதான், அதற்கு மேல் அதுவே வெடிக்கும். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் 1500 ஆம்பியர் வரை தாங்கும். போர்டில் பீங்கான் இருந்தால் கண்ணாடி போடாதீர்கள். ஒயர் சுற்றுவது அறவே வேண்டாம்.

---

சால்டரிங்ராடு:

அந்த அம்மாவோட ஃபிரிட்ஜுக்கு அதே மாடல் போர்டு ஒண்ணு கிடைச்சுது. போர்டு விலை மட்டும் வாங்கினேன், கூலி வாங்கல. என்ன நடந்துச்சுன்னும் அவங்ககிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் "வெட்டினதைச் சொன்னியே, அது போதும்பா"ன்னாங்க. கட்-ஆஃப் ரிலேவுக்கு எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றார்.

கடைசியா ஒரு சந்தேகம். அந்த போர்டுல 10 மி.மீ. வில்லைதான் இருக்கு. 14 மி.மீ. போட்டா கெபாசிட்டர் மேல லேசா சாயுது. பரவால்லையா?

---

பிசிபிவரைவு:

சாய விடாதீர்கள். வெடிக்கும்போது கெபாசிட்டரின் உறையைக் கிழிக்கும். காலை கொஞ்சம் நீளமாக விட்டு எதிர்ப்பக்கம் வளையுங்கள், கால்களுக்குக் கண்ணாடி இழை ஸ்லீவ் போடுங்கள், சுற்றி 5 மி.மீ. காலியாக இருக்கட்டும். இடமே இல்லையென்றால் 10 மி.மீ. புதிதாகப் போடுங்கள், எண் மட்டும் மாற வேண்டாம்.

---

சால்டரிங்ராடு:

எதிர்ப்பக்கம் வளைச்சேன், 6 மி.மீ. இடைவெளி கிடைச்சுது. 14 மி.மீ. 471, மெக்கர்ல 474, ரெண்டு பக்கமும். அந்த எண்ணையும் தேதியையும் போர்டு பின்னாடி மார்க்கர்ல எழுதிட்டேன். ஒரு வருஷம் கழிச்சுக் கழற்றி அளந்துட்டு இதே இழையில போடறேன்.